பொதுக் கணினியில் திரையும் பூட்டும்

வாசகர் கேள்வி – பதில்

பலர் மாறி மாறி உட்காரும் கணினிகளில் கோப்புகளைக் காப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம். பெரும்பாலான கடிதங்களில் ஒரே குழப்பம்தான் வேறுவேறு முகத்தோடு வருகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒரு பொருளைக் கண்ணில் படாமல் செய்வது திரை போடுவது போன்றது. அந்தப் பொருளை யார் தொடலாம் என்று டிஸ்க்கிலேயே எழுதிவைப்பதுதான் பூட்டு. திரையைப் போட்டுவிட்டுப் பூட்டியதாக நினைத்துக்கொள்வதில்தான் தொல்லை தொடங்குகிறது.

கேள்வி: ஆய்வகக் கணினிகளில் டி, இ இரண்டு டிரைவ்களையும் மறைக்க, விண்டோஸின் அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும் ரிஜிஸ்ட்ரியில் நோடிரைவ்ஸ் என்ற மதிப்பைச் சேர்த்து 24 என்று கொடுத்தேன். சில கணினிகளில் டி, இ அப்படியே இருக்க, சி மறைந்துவிட்டது. சரியாக மறைந்த கணினிகளிலும் மாணவர்கள் எப்படியோ டி-க்குள் போய்விடுகிறார்கள். எங்கே தவறு?

– ஓர் ஆய்வகப் பொறுப்பாளர்

பதில்: இரண்டும் தனித்தனிப் பிரச்சினை.

முதலில் எண் கணக்கு. இந்த மதிப்பில் ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எண் உண்டு. ஏ-க்கு 1, பி-க்கு 2, சி-க்கு 4, டி-க்கு 8, இ-க்கு 16, எஃப்-க்கு 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும். எல்லா டிரைவையும் மறைக்க 67108863. டி-யும் இ-யும் மறைய 8-ஐயும் 16-ஐயும் கூட்டி 24. இதுவரை நீங்கள் செய்தது சரி. ஆனால் ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் எண்ணைத் தரும் பெட்டி திறக்கும்போது வலப்பக்கம் ஹெக்ஸாடெசிமல் என்பதே தேர்வாகியிருக்கும். அதை டெசிமலுக்கு மாற்றாமல் 24 என்று அடித்தால் கணினி அதை 36 என்று படிக்கும். 36 என்றால் 32-ம் 4-ம். அதாவது எஃப்-ம் சி-யும். உங்கள் சி மறைந்த கதை இதுதான். டெசிமலைத் தேர்ந்துவிட்டு 24 அடியுங்கள், லாக் ஆஃப் செய்து மீண்டும் நுழையுங்கள்.

இரண்டாவது, நோடிரைவ்ஸ் எக்ஸ்ப்ளோரரில் தெரியும் டிரைவின் படத்தை மட்டுமே எடுக்கிறது. முகவரிப் பட்டையில் டி என்று அடித்து முக்காற்புள்ளி வைத்து என்டர் தட்டினால் டிரைவ் திறந்துகொள்ளும். அதையும் தடுக்க, அதே இடத்தில் நோவியூஆன்டிரைவ் என்ற இன்னொரு மதிப்பை அதே எண்ணோடு சேர்க்க வேண்டும். கட்டுப்பாடுகளைப் பட்டியலிலிருந்து தேர்ந்து போட உதவும் குரூப் பாலிசி உள்ள கணினி என்றால் யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கினால் இரண்டுமே அங்கே இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் சில நிலையான கூட்டுகள் மட்டுமே உண்டு. டி-யும் இ-யும் மட்டும் என்ற தேர்வு அங்கே கிடையாது, அதற்கு ரிஜிஸ்ட்ரிதான் வழி.

நோவியூஆன்டிரைவைச் சி-க்குப் போட்டுவிடாதீர்கள். பயனருடைய டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் சி-யில்தான் குடியிருக்கின்றன. அவற்றைத் திறக்கப் போனாலும் கட்டுப்பாடு காரணமாகச் செயல் ரத்தானது என்ற பெட்டி வந்து நிற்கும்.

இரண்டையும் போட்ட பிறகும் இது திரைதான். இந்த மதிப்புகளைப் படித்து மதிப்பது ஃபைல் எக்ஸ்ப்ளோரரும் அதைச் சார்ந்த பெட்டிகளும் மட்டுமே. கமாண்ட் பிராம்ப்ட் மதிக்காது. செவன்-ஜிப்புடன் வரும் ஃபைல் மேனேஜர் மதிக்காது. பென் டிரைவில் வரும் போர்ட்டபிள் ஃபைல் மேனேஜர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒவ்வொன்றையும் தேடித் தேடி அடைப்பது ஓட்டைப் பானையில் நீர் பிடிக்கிற வேலை. டிஸ்க்கிலேயே அனுமதியை எழுதிவிட்டால் எந்தப் புரோகிராமிலிருந்து வந்தாலும் வாசலில் நிறுத்தப்படுவார்கள். அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஆசிரியர் குழுவுக்கு வணக்கம். பொது ஃபோல்டர் ஒன்றில் எல்லோரும் கோப்புகளைப் படிக்கலாம், புதிதாகச் சேர்க்கலாம். ஆனால் ஒருவர் வைத்ததை மற்றவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ கூடாது. செக்யூரிட்டி பகுதியில் டெலிட்டுக்கு டினை, அதாவது தடை, போட்டுப் பார்த்தேன். இப்போது நியூ ஃபோல்டர் என்று உருவாக்கினால் பெயர்கூட மாற்ற முடியவில்லை. வேர்டில் சேமித்தால் பிழை வருகிறது. நானே அட்மின், எனக்கும் அழிக்க முடியவில்லை!

– ஒரு நூலகப் பணியாளர்

பதில்: டினை என்பதைத் தொடாமலே இதைச் செய்ய முடியும், தொடாமல் இருப்பதுதான் நல்லது. யூசர்ஸ் என்ற குழுவில் கணினியில் லாகின் செய்த எல்லோரும் அடங்குவார்கள், அட்மினும் அதில் ஒருவர். ஒரே இடத்தில் அனுமதியும் தடையும் மோதினால் தடைதான் வெல்லும். ஆகவே அவர்களுக்கென்று போட்ட தடை உங்கள் காலையும் கட்டியது.

நியூ ஃபோல்டர் சிக்கல் ஏன் என்றால், விண்டோஸைப் பொறுத்தவரை பெயர் மாற்றுவதற்கும் டெலிட் உரிமை வேண்டும். பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரை வைப்பதுதானே பெயர் மாற்றம். வேர்டும் அப்படித்தான்: சேமிக்கும்போது அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, பழையதை நகர்த்தி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டி, பிறகு பழையதை அழிக்கும். அழிக்கும் உரிமை இல்லாவிட்டால் நடுவழியில் நின்றுவிடும். அலைக்குறியில் தொடங்கும் அரைகுறைக் கோப்புகள் ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்படிச் செய்யுங்கள். ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. முதலில் நீங்கள் போட்ட டினை வரியை நீக்குங்கள். பிறகு டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ் பொத்தானை அழுத்துங்கள். வரும் இரண்டு தேர்வுகளில், மேலிருந்து வந்த அனுமதிகளை இந்த ஃபோல்டரின் சொந்த அனுமதிகளாக மாற்றிக்கொள்ளும் கன்வெர்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதை அழுத்தினால் பட்டியல் காலியாகி, உங்களுக்கே கதவு சாத்தப்படலாம். இப்போது பட்டியலில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் இரண்டை மட்டும் விட்டுவிட்டு, ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் வரிகளை நீக்குங்கள். ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற வரியை மறக்கவே கூடாது. சாதாரணமாக ஃபார்மட் செய்த டேட்டா டிரைவில் அந்தக் குழுவுக்கு மாடிஃபை உரிமை தானாகவே இருக்கும். யார் வேண்டுமானாலும் எதையும் அழிக்க முடிந்ததற்கு அதுவே காரணம்.

பிறகு மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும்.

முதல் வரி யூசர்ஸ் குழுவுக்கு. அப்ளைஸ் டு என்ற இடத்தில் திஸ் ஃபோல்டர், சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ். உரிமை ரீட் அண்ட் எக்ஸிக்யூட்.

இரண்டாவது வரியும் யூசர்ஸ் குழுவுக்கே, ஆனால் அப்ளைஸ் டு என்ற இடத்தில் திஸ் ஃபோல்டர் அண்ட் சப்ஃபோல்டர்ஸ் மட்டும். ஷோ அட்வான்ஸ்டு பர்மிஷன்ஸை அழுத்தி, கிரியேட் ஃபைல்ஸ், கிரியேட் ஃபோல்டர்ஸ் இரண்டை மட்டும் டிக் செய்யுங்கள். இந்த இரண்டையும் முதல் வரியிலேயே சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்தக் கட்டத்தின் முழுப் பெயரைப் படியுங்கள்: கிரியேட் ஃபைல்ஸ், ஒரு சாய்கோடு, ரைட் டேட்டா. ஒரே கட்டம் ஃபோல்டரில் விழுந்தால் புதிய கோப்பு வைக்கும் உரிமை, கோப்பில் விழுந்தால் உள்ளடக்கத்தின் மேல் எழுதும் உரிமை. கோப்புகளுக்கும் பரவவிட்டால், மற்றவரின் கோப்பை அழிக்க முடியாதவர் அதைத் திறந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சேமிக்கலாம். அழித்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

மூன்றாவது வரி கிரியேட்டர் ஓனர் என்ற பெயருக்கு. அப்ளைஸ் டு, சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ் ஒன்லி. உரிமை மாடிஃபை. யார் ஒரு கோப்பை உருவாக்குகிறாரோ அந்த நொடியில் இந்த வரி அவர் பெயருக்கு மாறி அந்தக் கோப்பில் ஒட்டிக்கொள்ளும். தன் கோப்பைத் திருத்தலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம். வேர்டும் வாயைத் திறக்காது. இங்கே ஃபுல் கன்ட்ரோல் கொடுக்காதீர்கள். அதில் டெலிட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ் என்ற உரிமையும் சேர்ந்து வரும். அது ஒரு ஃபோல்டரின் மேல் இருந்தால், உள்ளே இருக்கும் கோப்புகளின் மேல் தனியாக டெலிட் உரிமை இல்லாவிட்டாலும் அவற்றை அழிக்கலாம். ஒருவர் உருவாக்கிய ஃபோல்டருக்குள் இன்னொருவர் கோப்பு வைத்தால் அது ஃபோல்டர்காரரின் தயவில் இருக்கும். மாடிஃபையில் அந்த உரிமை இல்லை.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய கோப்புகளுக்கு உரிமையாளர் யார் என்பதைக் கணினி முன்பே எழுதிவைத்திருக்கும். அது பெரும்பாலும் அவற்றைக் காப்பி செய்து வைத்தவரின் பெயராக இருக்கும், நீங்கள் நினைப்பவராக அல்ல. முடித்தபின் அதே ஜன்னலில் எஃபெக்டிவ் ஆக்சஸ் என்ற தாவலுக்குப் போய் ஒரு பயனர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அவருக்கு எது உண்டு எது இல்லை என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டிவிடும்.

கேள்வி: மேலே சொன்னது போலவே வேறோர் இடத்தில் படித்துச் செய்தேன். ஆனாலும் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்கிறார். எங்கள் கணினியில் எல்லோருக்கும் ஸ்டூடன்ட் என்ற ஒரே லாகின்தான்.

பதில்: கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. எல்லோரும் ஒரே பெயரில் வந்தால் எல்லாக் கோப்புக்கும் அந்த ஒருவரே உரிமையாளர். கணினிக்கு முகம் தெரியாது, கணக்கின் பெயர்தான் தெரியும். தனித்தனி ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் கொடுங்கள். அது முடியாத இடம் என்றால், யார் எதை அழித்தார் என்பதை விட்டுவிட்டு, ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி வந்து நிற்கும்படி செய்வதே நடைமுறைக்கு ஏற்றது.

விண்டோஸின் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் யூனிஃபைடு ரைட் ஃபில்டர் என்ற வசதி உண்டு. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிவைஸ் லாக்டவுன் என்பதன் கீழ் இருக்கும், டிக் செய்து நிறுவிக்கொள்ளலாம். இயக்கும் கட்டளையின் பெயர் யூடபிள்யூஎஃப்எம்ஜிஆர். கடைசி மூன்றெழுத்து மேனேஜரைக் குறிக்கிறது, நீங்கள் நினைப்பவரை அல்ல. அதில் ஃபில்டர் எனேபிள் என்று ஒருமுறையும், வால்யூம் புரொடெக்ட் என்று சொல்லிச் சி-யைக் காட்டி ஒருமுறையும் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால், அதன் பிறகு சி-யில் நடக்கும் மாற்றமெல்லாம் மெமரியில் ஒரு மேலடுக்கில்தான் எழுதப்படும். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஆவியாகிவிடும்.

இரண்டு இடங்களில் இது கடிக்கும். அந்த மேலடுக்கின் அளவு, மாற்றாவிட்டால், 1024 எம்பி. பெரிய வீடியோ ஒன்றை யாராவது டவுன்லோட் செய்தால் நிரம்பிவிடும். நிரம்பிய பின் எதையும் எழுத முடியாமல் கணினி திணறும், ரீஸ்டார்ட் செய்தால்தான் சரியாகும். அளவைக் கூட்ட வேண்டுமானால் ஃபில்டரை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் கூட்ட முடியும். இன்னொன்று அப்டேட். விண்டோஸ் அப்டேட்டும் மேலடுக்கில்தான் போய் விழும், ரீஸ்டார்ட்டில் அதுவும் போகும். இதற்கென்று சர்வீஸிங் என்ற தனி நிலை உண்டு. அதை எனேபிள் செய்து ரீஸ்டார்ட் செய்தால் அப்டேட்டுகள் நிரந்தரமாக உட்காரும். சேமித்த வேலை போகக் கூடாது என்றால் அதற்கு ஃபில்டர் போடாத வேறு டிரைவைக் காட்டிவிடுங்கள். அந்த டிரைவின் பெயரை டெஸ்க்டாப் படத்திலேயே பெரிதாக எழுதிவைப்பது உங்கள் நிம்மதிக்கு நல்லது.

கேள்வி: எக்ஸ்ப்ளோரரில் டெலிட் என்ற ஒரு கட்டளையை மட்டும் எடுத்துவிட முடியாதா?

பதில்: அதற்கென்று பாலிசி கிடையாது. ரைட் கிளிக் மெனுவையே மொத்தமாக எடுக்கும் பாலிசி உண்டு. ஆனால் அதோடு பிரிண்ட், ஓபன் வித், ஜிப்பைப் பிரிக்கும் வசதி எல்லாம் போகும். கீபோர்டில் டெலிட் விசை அப்படியே இருக்கும், யாரும் அதைப் பிடுங்கி எறியவில்லையே.

வேண்டுமென்றே அழிப்பவரைத் தடுக்க மேலே சொன்ன அனுமதிகள்தான். கை தவறி நடப்பதைக் குறைக்க இரண்டு சிறு மாற்றங்கள் நன்றாக உதவும். விண்டோஸ் 8 முதல், அழிக்கும்போது உறுதியா என்று கேட்கும் பெட்டி தானாக வருவதில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரர் பாலிசிகளில் அதை எப்போதும் வரச் செய்யும் தேர்வு இருக்கிறது, எனேபிள் செய்யுங்கள். இரண்டாவது, ஃபோல்டர் காணோம் என்று வரும் புகார்களில் கணிசமானவை அழிந்தவையே அல்ல. மவுஸ் சற்று இழுபட்டு, பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்தவை. ஒரே டிரைவுக்குள் இழுத்துவிட்டால் அது மூவ். மவுஸை அழுத்தியபடி 4 பிக்சல் நகர்ந்தாலே விண்டோஸ் அதை இழுப்பதாக எடுத்துக்கொள்ளும். பயனரின் ரிஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்ற இடத்தில் டிராக்ஹைட், டிராக்விட்த் என்ற இரண்டு மதிப்புகளை 40 என்று மாற்றி லாக் ஆஃப் செய்து நுழையுங்கள். தொலையும் ஃபோல்டர்கள் பாதியாவது குறையும்.

கேள்வி: ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் இல்லை. ஆகவே ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்டில் லாகின் செய்து, ரிஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, கேட்ட இடத்தில் அட்மின் பாஸ்வேர்டையும் கொடுத்துக் கட்டுப்பாடுகளைப் போட்டேன். அந்த அக்கவுண்ட்டில் எதுவும் மாறவில்லை. என் அட்மின் அக்கவுண்ட்டில் டிரைவ்கள் காணோம்!

பதில்: அட்மின் பாஸ்வேர்டு கொடுத்த அந்த நொடியில் ரிஜிஸ்ட்ரி எடிட்டர் உங்கள் அட்மின் பெயரில் ஓடத் தொடங்கிவிட்டது. அதில் தெரியும் கரண்ட் யூசர் என்ற கிளை உங்களுடையது, எதிரே உட்கார்ந்திருப்பவருடையது அல்ல. முதலில் அட்மின் அக்கவுண்ட்டில் போய் நீங்கள் சேர்த்த மதிப்புகளை நீக்குங்கள்.

சரியான வழி இது. கட்டுப்படுத்த வேண்டிய அக்கவுண்ட்டிலிருந்து முழுமையாக லாக் ஆஃப் செய்யுங்கள், ஸ்விட்ச் யூசர் போதாது. அட்மினாக நுழைந்து ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ யூசர்ஸ் என்பதைத் தேர்ந்துகொண்டு, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுங்கள். அந்தப் பயனரின் ஃபோல்டரில் மறைந்திருக்கும் என்டியூசர் டாட் டாட் என்ற கோப்பைக் காட்டி, ஏதாவது ஒரு தற்காலிகப் பெயர் கொடுங்கள். கோப்பின் பெயரில் முதல் டாட் புள்ளி, இரண்டாவது டாட் டேட்டா என்பதன் சுருக்கம். பட்டியலில் தெரியாவிட்டால் பெயரைக் கையால் அடித்தால் போதும். இனி அந்தத் தற்காலிகப் பெயரின் கீழ் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசீஸ், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கி மதிப்புகளைச் சேருங்கள். எக்ஸ்ப்ளோரர் என்ற கீ இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம். ஸ்டாண்டர்ட் பயனருக்கு அந்தப் பாலிசீஸ் கீயில் எழுதும் உரிமை இல்லாததால் அவரால் மாற்றவும் முடியாது.

முடிந்ததும் அந்தத் தற்காலிகப் பெயரைத் தேர்ந்து அன்லோட் ஹைவ் கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் அந்தக் கோப்பு உங்கள் பிடியிலேயே இருக்கும். பயனர் லாகின் செய்யும்போது அவருடைய புரொஃபைல் திறக்காமல் வெறுமையான தற்காலிக புரொஃபைல் வந்து நிற்கும், அவர் பதறிப்போய் உங்களைத்தான் தேடுவார்.

புரோ பதிப்பிலும் இதே விபத்துக்கு இன்னொரு வடிவம் உண்டு. குரூப் பாலிசி எடிட்டரை நேரே திறந்து யூசர் கான்ஃபிகரேஷனில் எதை மாற்றினாலும் அது எல்லோருக்கும், அட்மினுக்கும் சேர்த்துத்தான். அட்மினை விலக்க, ரன் பெட்டியில் எம்எம்சி என்று அடித்துக் காலி ஜன்னலைத் திறங்கள். ஆட் ஸ்னாப்-இன் வழியாகக் குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டரைச் சேர்க்கும்போது பிரவுஸ் பொத்தானை அழுத்தி, யூசர்ஸ் தாவலில் நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கும் வசதி இது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டபின் அதை நாடுபவர்களே அதிகம்.

கேள்வி: பென் டிரைவில் கோப்புகளை எடுத்துப் போகவும் கூடாது, அதிலிருந்து புரோகிராம் ஓட்டவும் கூடாது. ஆனால் படிக்க மட்டும் அனுமதி வேண்டும்.

பதில்: கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ். அங்கே ரிமூவபிள் டிஸ்க்ஸ் என்று தொடங்கும் மூன்று வரிகளில் டினை ரைட், டினை எக்ஸிக்யூட் இரண்டையும் எனேபிள் செய்து, டினை ரீடை மட்டும் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே செருகியிருப்பதைக் கழற்றிச் செருகுங்கள், ஐயமிருந்தால் ரீஸ்டார்ட்.

போன்களை மறந்துவிடுவார்கள். கேபிளில் இணைத்த ஸ்மார்ட்போன் ரிமூவபிள் டிஸ்க் என்ற வகையில் வராது. அதே பட்டியலில் டபிள்யூபிடி டிவைசஸ் என்ற தனி வரிகள் இருக்கின்றன, அதற்கும் டினை ரைட் கொடுங்கள். யூஎஸ்பி சேமிப்பே வேண்டாம் என்றால், ரிஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் கிளையில் யூஎஸ்பிஸ்டோர் என்பதன் ஸ்டார்ட் மதிப்பை 3-லிருந்து 4 ஆக்கலாம். கீபோர்டு, மவுஸுக்குப் பாதிப்பு வராது.

பென் டிரைவுக்குள்ளேயே கோப்பு அனுமதி போட முடியுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைகளில் அனுமதி எழுதிவைக்க இடமே கிடையாது. செக்யூரிட்டி தாவலே வராது.

கேள்வி: பொது ஃபோல்டரில் எல்லாக் கோப்பும் எல்லோருக்கும் திறக்கிறது, சில மட்டும் அனுமதி இல்லை என்கிறது. ஒரே ஃபோல்டர்தானே?

பதில்: அந்தச் சில கோப்புகள் காப்பி செய்யப்படாமல் கட் செய்து ஒட்டப்பட்டவையாக இருக்கும். விண்டோஸ் டிஸ்க்குகளில் அனுமதிகளை எழுதிவைக்க இடம் தரும் ஃபார்மட் என்டிஎஃப்எஸ். ஒரே என்டிஎஃப்எஸ் டிரைவுக்குள் நகர்த்தினால் கோப்பு தன் பழைய அனுமதிகளைச் சுமந்துகொண்டே வரும். காப்பி செய்தால் புது இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். பொது ஃபோல்டரின் அட்வான்ஸ்டு ஜன்னலில், கீழே, ரீப்ளேஸ் ஆல் சைல்ட் ஆப்ஜெக்ட் என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுத்தால் எல்லாம் ஒரே சீராகும். உள்ளே ஏதாவது துணை ஃபோல்டருக்குத் தனி அனுமதி போட்டிருந்தால் அதுவும் அழிந்துபோகும், பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் இடத்தில் எல்லாமே லினக்ஸ். ஒரு கோப்பின் உரிமை எண்களை 444 என்று மாற்றிப் படிக்க மட்டும் ஆக்கினேன். அப்படியும் வேறொருவர் அழித்துவிட்டார். இது எப்படிச் சாத்தியம்?

பதில்: லினக்ஸில் அழிப்பது கோப்பின் மேல் நடக்கும் செயல் அல்ல, அந்தக் கோப்பு இருக்கும் டைரக்டரியின் மேல் நடக்கும் செயல். டைரக்டரி என்பது பெயர்ப் பட்டியல். பட்டியலில் எழுத உரிமை உள்ளவர் எந்தப் பெயரையும் அடித்துவிடலாம், கோப்பின் எண்கள் 444 ஆனால் என்ன, 000 ஆனால் என்ன.

இதற்குத்தான் ஸ்டிக்கி பிட். எல்லோரும் எழுதும் டெம்ப் டைரக்டரியில் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்க முடியாததும் இதனால்தான். ஸ்டிக்கி பிட் உள்ள டைரக்டரியில் ஒரு பெயரை நீக்கவோ மாற்றவோ அந்தக் கோப்பின் உரிமையாளர், டைரக்டரியின் உரிமையாளர், ரூட் ஆகியோரால் மட்டுமே முடியும். பயனர்களை ஒரு குரூப்பில் சேர்த்து, பொது டைரக்டரியின் உரிமையாளராக ரூட்டையும் குரூப்பாக அந்தக் குரூப்பையும் வைத்து, உரிமை எண்களை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 3770 கொடுங்கள். முதல் இலக்கமான 3-ல் 1 ஸ்டிக்கி, 2 செட்ஜிஐடி. செட்ஜிஐடி இருந்தால் உள்ளே உருவாகும் கோப்புகளெல்லாம் தானாகவே அந்தக் குரூப்புக்குச் சொந்தமாகும். இல்லாவிட்டால் ஒவ்வொருவரின் சொந்தக் குரூப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும், நண்பர்கள் படிக்கவே முடியாது போகலாம். 

ஸ்டிக்கி பிட் பெயரைத்தான் காக்கும், உள்ளடக்கத்தை அல்ல. அது கோப்பின் எண்களைப் பொறுத்தது. புதுக் கோப்பில் எந்த உரிமைகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் எண் யூமாஸ்க். அது 022 என்றால் புதுக் கோப்பை மற்றவர் படிக்கலாம், திருத்த முடியாது. 002 என்றால் குரூப்பில் உள்ளவர்கள் திருத்தலாம்.

புதிதாக உண்டாகும் துணை டைரக்டரிக்குச் செட்ஜிஐடி தானாக இறங்கும், ஸ்டிக்கி இறங்காது. இதைக் கவனிக்காமல் விட்டால் மேல் தளத்தில் பாதுகாப்பும் உள்ளே திறந்த வெளியுமாக இருக்கும். யூமாஸ்க் 022 ஆக இருந்தால் துணை டைரக்டரியில் அதை உருவாக்கியவர் மட்டுமே எழுத முடியும், சிக்கலில்லை. 002 ஆனால் துணை டைரக்டரிகளுக்கும் ஸ்டிக்கி பிட்டை நீங்கள் கையால் போட வேண்டும்.

க்னோம் டெஸ்க்டாப்பில் பென் டிரைவைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்யவும், டிஸ்க்கில் சேமிப்பதைத் தடுக்கவும் லாக்டவுன் என்ற தொகுதியில் விசைகள், அதாவது பெயரிட்ட அமைப்புகள், உண்டு. க்னோம் தன் அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃப்பின் லோக்கல் தரவுத்தளத்தில் மதிப்பை எழுதுவதோடு, லாக்ஸ் என்ற துணை டைரக்டரியில் அதே விசையின் பெயரையும் எழுதினால்தான் பயனர் மாற்ற முடியாதபடி நிற்கும். கடைசியில் டிகான்ஃப் அப்டேட் கட்டளை கொடுக்காவிட்டால் எழுதியது எதுவும் நடைமுறைக்கு வராது. இதுவும் க்னோமின் சொல் கேட்கும் புரோகிராம்களுக்குத்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரிலிருந்து அழித்தவை ரீசைக்கிள் பின்னில் இல்லை. எங்கே போயின?

பதில்: எங்கும் போகவில்லை, அழிந்தன. ரீசைக்கிள் பின் அந்தந்தக் கணினியின் சொந்த டிஸ்க்குக்குத்தான். நெட்வொர்க் வழியாக அழித்தால் நேரடி அழிவு. பகிரும் கணினி விண்டோஸ் சர்வர் என்றால் அந்த டிரைவுக்கு, பழைய நிலையைப் படியெடுத்து வைக்கும் ஷேடோ காப்பிஸ் இயக்கி, நாளுக்கு இரண்டு வேளையாவது எடுக்கும்படி அட்டவணை போடுங்கள். பயனரே ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் வழியாக மீட்டுக்கொள்வார். லினக்ஸிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்குப் பகிர உதவும் சாம்பா என்றால் அந்தப் பகிர்வின் அமைப்பில் விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் வரியில் ரீசைக்கிள் என்று சேருங்கள். அழிப்பவை ஒரு தனி டைரக்டரிக்கு நகரும். கீப்ட்ரீயையும் இயக்கினால் எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்ற தடமும் இருக்கும். அந்த டைரக்டரி தானாகக் காலியாகாது. பழையவற்றை நீக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் டிஸ்க் நிரம்பி நிற்கும்.

பகிர்வு அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். பகிர்வில் எல்லோருக்கும் சேஞ்ச் என்று வைத்துவிட்டு, நுணுக்கமெல்லாம் என்டிஎஃப்எஸ்ஸில் எழுதுங்கள். இரண்டு இடத்திலும் இறுக்கினால் ஆறு மாதம் கழித்து எந்தக் கதவு யாரைத் தடுக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. பகிர்வில் ஃபுல் கன்ட்ரோல் மட்டும் வேண்டாம். தன் கோப்பின் அனுமதியைத் தானே மாற்றும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. நெட்வொர்க் வழியாக அதைச் செய்ய விடாமல் சேஞ்ச் தடுத்து நிற்கும்.

அனுமதியில்லாத ஃபோல்டர்கள் கண்ணிலேயே படக் கூடாது என்றால் விண்டோஸ் சர்வரில் ஆக்சஸ்-பேஸ்டு எனுமரேஷனையும், சாம்பாவில் ஹைட் அன்ரீடபிளையும் இயக்குங்கள். பூட்டியதை மட்டும் மறைக்கும் திரைகள் இவை.